ஆட்டிடம் சொன்ன சேதி

அய்யாவுக்கும் அவன் அக்கா பாஞ்சாலிக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. ஆனால் இருவரும் பேசாமலும் இல்லை. நடுவில் ஓர் ஆடு இருந்தது.

பாஞ்சாலியின் ஆடு அது. ஒரு காது மடங்கிய வெள்ளாடு. ஏரிக்கரை மேட்டில் முளையடித்து அதைக் கட்டிவிட்டு, அவள் கீழே தண்ணீர் வற்றிய சேற்றில் இறங்கிப் பாத்தி வேலை பார்ப்பாள். அய்யாவு மதகுப் பக்கத்திலிருந்து வருவான். அக்காவைப் பார்க்க மாட்டான், ஆட்டைப் பார்ப்பான். "இன்னா, உங்க வூட்ல சரசுக்கு ஜொரம்னாங்களே, தேவலையா?" என்று அக்கா மகளைப் பற்றி ஆட்டைக் கேட்பான். பாஞ்சாலி தலை நிமிராமல் களையைப் பிடுங்கிக்கொண்டே, "எட்டிப் பாக்காதவங்களுக்கு இன்னா அக்கறையாம்? தேவலன்னு சொல்லு" என்பாள். ஆடு இரண்டு பேருக்கும் பொதுவாக அசைபோட்டுக்கொண்டிருக்கும். அவர்கள் குடியிருந்த மர்பி டவுனில் இப்படிச் சுவரோடும் குழாயோடும் நாயோடும் பேசி உறவு நடத்துகிறவர்கள் நிறையப் பேர். அதில் ஒன்றும் அதிசயமில்லை. இவர்கள் அதைக் கொஞ்சம் நீட்டிவிட்டார்கள், அவ்வளவுதான்.

அய்யாவு ஏரி மதகுக்கு வாட்ச்மேன். கரைக்கு அடியில் தண்ணீர் வெளியேறுகிற வழி, அதை மூடித் திறக்க ஓர் இரும்புப் பலகை, பலகையை ஏற்றி இறக்க மேலே ஒரு திருகு, திருகுக்கு ஒரு கைப்பிடி. அவன் ராஜ்யம் இவ்வளவுதான். ஏரியில் ஒரு படகு கிளப் இருந்தது. வெள்ளைக்காரன் ஆரம்பித்தது. அவன் கப்பலேறிப் பத்து வருஷம் ஆகியும் ஞாயிற்றுக்கிழமைகளில் வெள்ளைக் கால்சட்டை மாட்டிக்கொண்டு துடுப்புப் போட வருகிறவர்கள் குறையவில்லை. தண்ணீர் இறங்கினால் படகு சேற்றில் தட்டும். ஏறினால் கரைக்கு ஆபத்து. படகுத்துறையருகே ஓர் அளவுக்கல் நின்றது, அதில் ஒரு சிவப்புக் கோடு. கோடைக்கும் மழைக்கும் ஈடுகொடுத்துத் தண்ணீரை அந்தக் கோட்டில் நிறுத்த வேண்டும். நிறுத்தினால் யாரும் அவனைக் கவனிக்க மாட்டார்கள், தவறினால் எல்லோரும் கவனிப்பார்கள்.

அக்கா தம்பிக்குள் சண்டை வந்ததும் இந்தத் தண்ணீரால்தான். பாஞ்சாலியின் புருஷன் கிருஷ்ணப்பா ராணுவக் கிடங்கில் மூட்டை தூக்கினவர். ஓர் ஐப்பசி அடைமழையில் காய்ச்சல் கண்டு படுத்தார், எழுந்திருக்கவில்லை. சேதி வந்தபோது அய்யாவு மதகின் மேல் நின்றிருந்தான். ஏரி தளும்பிக்கொண்டிருந்தது. கரை போனால் கீழே இருக்கிற குடிசைகளும் போகும். மாற்று ஆள் வருவான் வருவான் என்று வழி பார்த்தான். அவன் வந்து, இவன் மழையில் ஓடிப் போய்ச் சேர்வதற்குள் எடுத்துவிட்டார்கள்.

புருஷனை இழந்தவளுக்குப் பிறந்த வீட்டிலிருந்து கோடிப் புடவை வர வேண்டும். பிறந்த வீடு என்று பாஞ்சாலிக்கு மிச்சமிருந்தது அய்யாவு ஒருத்தன்தான். கோடி வரவில்லை. பார்க்கச் சகிக்காமல் பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி தன் பெட்டியிலிருந்து ஒரு சேலையை எடுத்து வந்து போர்த்தினாள். அத்தனை பேர் நடுவில் ஊரார் சேலையைப் போர்த்திக்கொண்டு பாஞ்சாலி உட்கார்ந்திருந்தாள். தொப்பலாக நனைந்து, வெறுங்கையோடு வாசலில் வந்து நின்றவனை ஏறிட்டுப் பார்த்தாள்.

"தண்ணிய பத்திரமா பாத்துக்கினியாடா?" என்றாள்.

அவனிடம் நேராகப் பேசிய கடைசிப் பேச்சு அது. அவன் மேல் தப்பில்லை என்று பிறகு எடுத்துச் சொன்னவர்கள் உண்டு. தப்பு யார் மேல் என்பதா பேச்சு? நாதியற்றவள் போல உட்கார்ந்திருந்தாளே, அந்த ஒரு நாழிகையை யார் திருப்பிக் கொடுப்பது? அய்யாவுக்கு இது தெரியும். அதனால் அவன் யாரிடமும் நியாயம் பேசப் போகவில்லை.

அவனால் செய்ய முடிந்தது ஒன்றே ஒன்றுதான், அதைச் செய்தான். கோடையில் தண்ணீர் இறங்கியதும் ஏரியோரச் சேற்றில் மர்பி டவுன்காரர்கள் சிலர் கீரையும் மிளகாயும் போடுவது வழக்கம். அனுமதி கிடையாது, கண்டும் காணாமல் விட்டிருந்தார்கள். எல்லாப் பாத்திகளுக்கும் கீழே, தண்ணீரை ஒட்டி இருந்தது கிருஷ்ணப்பாவின் பாத்தி. அவர் உயிரோடு இருந்தபோது வேலை முடிந்து வந்து, கல் பொறுக்கி, வண்டல் சுமந்து போட்டுத் தம் கையால் திருத்தியது. அவருக்குப் பிறகு பாஞ்சாலி அதில் கீரை விதைத்து சிவாஜிநகர் மார்க்கெட்டுக்குக் கொண்டு போனாள். தண்ணீர் சிவப்புக் கோட்டைத் தொட்டால் அந்தப் பாத்தி முழுகும். ஆகவே கோடைக்காலத்தில் தண்ணீர் கோட்டைத் தொடாமல் அய்யாவு பார்த்துக்கொண்டான். திருகை முழுக்க இறுக்காமல் ஒரு சுற்றுத் தளர்த்தியே வைப்பான். மாம்பழ மழை என்கிற கோடை மழை பெய்தாலும் சரி, மேல் ஏரியிலிருந்து தண்ணீர் வந்தாலும் சரி, மதகடியில் கசிந்து வாய்க்காலில் போய்க்கொண்டே இருக்கும். மூழ்கினால் அக்கா பிழைப்பு மூழ்கும். அதற்கு மேல் அவனுக்கு எதுவும் யோசிக்கத் தெரியாது.

கிளப் செக்ரட்டரி கிளாரன்ஸ் ஓர் ஆங்கிலோ இந்தியர், பக்கத்துக் காக்ஸ் டவுனில் வீடு. துரை என்று கூப்பிட்டால் வேண்டாம் என்று சொல்ல மனம் வராத மனிதர், மற்றபடி கெட்டவரில்லை.

"என்ன மேன், சம்மர்ல தண்ணி நிக்கவே மாட்டேங்குது?" என்று வருஷா வருஷம் கேட்பார்.

"பழைய மதகு சார். வயசாயிடுச்சு, ஒழுகுது" என்று வருஷா வருஷம் சொல்வான்.

அவர் கரை மேல் வந்து நின்றால் அய்யாவு பாத்திக்காரர்களைப் பார்த்துக் கத்த வேண்டும். "ஏய், யாரது? எல்லாம் காலி பண்ணுங்க! தண்ணி வருது!" என்று நரம்பு புடைக்கக் கத்துவான். அவர்களும் பதறினாற்போலக் கூடையைத் தூக்கிக்கொண்டு நாலடி நடப்பார்கள். துரை தலை மறைந்ததும் திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து களை எடுப்பார்கள். இந்தக் கூத்து கிளாரன்ஸுக்கும் தெரியும் என்றே நினைக்கிறேன். தெரிந்தும் கேட்காதது அவருடைய பெரிய மனசு.

அந்த வருஷம் சரசுவுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. வைகாசியில் முகூர்த்தம். பாஞ்சாலி கீரையை விட்டுவிட்டுப் பாத்தி முழுக்கச் செண்டுப்பூச் செடி வைத்தாள். ஏன் என்று அய்யாவு ஆட்டைக் கேட்டான்.

"அப்பன் இல்லாத கல்யாணம். அப்பன் திருத்தின பாத்திப் பூவாவது பந்தல்ல இருக்கட்டும்னுதான்" என்று பாஞ்சாலி ஆட்டுக்குச் சொன்னாள். கொஞ்ச நேரம் மண் அணைத்துவிட்டு, "மொத வெத்தில பாக்கு தாய்மாமனுக்குத்தான் வெக்கணும். அது எல்லாருக்கும் தெரிஞ்ச சங்கதிதான்" என்றும் சொன்னாள்.

அன்றைக்கு அய்யாவு தரையில் நடக்கவில்லை. வீட்டுக்குப் போய்ப் பெண்டாட்டி முத்தம்மாவிடம் சொன்னான். அக்கா கூப்பிடப் போகிறாள். கோடி கொண்டுபோகாத கையால் மருமகளுக்குத் தாய்மாமன் சீர்ப் புடவை கொண்டுபோகலாம். அந்த வாசலில் தலை நிமிர்ந்து ஏறலாம். பூ பூக்க வேண்டும், வெற்றிலை பாக்கு வர வேண்டும். அவனுக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை.

முகூர்த்தத்துக்குச் சில வாரம் இருக்கும்போது கிளாரன்ஸ் சிரித்த முகமாக வந்தார். கிளப்பில் பெரிய படகுப் போட்டி வைத்திருக்கிறார்கள், மெட்ராஸிலிருந்தெல்லாம் ஆள் வருகிறார்கள், சிவப்புக் கோட்டுக்கு மேலேயே தண்ணீர் நிற்க வேண்டும் என்றார்.

"உன் மதகு ஒழுகுது ஒழுகுதுன்னு சொல்லிட்டே இருந்தியே, கமிட்டியில சண்டை போட்டுப் புதுப் பலகை வாங்கிட்டேன். ரப்பர் வெச்சது. ஒரு சொட்டு போகாது. மேல் ஏரியையும் திறந்துவிடச் சொல்லியாச்சு."

அய்யாவு கரையோரப் பாத்திகளைத் திரும்பிப் பார்த்தான். "கரையோரத்துல பாத்தி போட்டுக்கீறாங்க சார்" என்றான்.

"தெரியும் மேன். இத்தனை வருஷம் நான் ஏதாவது கேட்டேனா? இந்த வாட்டி என் கையில இல்ல. நாலஞ்சு நாள் டைம் இருக்கு. எல்லாருக்கும் ஒழுங்காச் சொல்லிடு. செடியைப் பேத்து மேட்டுல வெச்சுக்கட்டும். பாவம், யாருக்கும் நஷ்டம் வேண்டாம்." பிறகு, திருகை யாராவது கை வைத்துக் கெடுத்துவிடுவார்கள் என்று பயந்து, போட்டி முடிகிறவரைக்கும் கைப்பிடி ஆபீசில் இருக்கட்டும் என்று கழற்றி எடுத்துப் போய்விட்டார். அவன் சொன்ன பொய், ரப்பர் வைத்துத் திரும்பி வந்திருந்தது.

ஆக, இனி தண்ணீரை நிறுத்த முடியாது. வாயால் சொல்லத்தான் முடியும். அய்யாவு ஒவ்வொரு பாத்திக்காரர் வீட்டுக்கும் போனான். "இது கூத்து இல்ல, நெசமாவே வருது. என் கையில ஒண்ணுமில்ல" என்று அடித்துச் சொன்னான். அவர்கள் அன்றைக்கே செடிகளை வேரோடும் மண்ணோடும் பெயர்த்து மேட்டுக்குக் கொண்டுபோக ஆரம்பித்தார்கள்.

அக்கா வீட்டுக்கு மட்டும் போகவில்லை. தெருமுனை வரைக்கும் போனான். போனவனுக்கு ஒரு யோசனை வந்தது. வெற்றிலை பாக்கு வைக்கிற சமயம். இன்றைக்கோ நாளைக்கோ அவள் தன் வீட்டுக்கு வரப் போகிறாள். இத்தனை வருஷம் எட்டிப் பார்க்காதவன் இப்போது போய் வாசலில் நின்றால் அழைப்புக்கு அலைகிறான் என்றல்லவா நாலு பேர் சொல்வார்கள்? அக்காவே அப்படி நினைத்துவிட்டால்? முறையாக அழைத்த பிறகுதான் அந்த வாசலை மிதிப்பது என்று திரும்பிவிட்டான். மானஸ்தன்! அந்த மானத்தைத் தூக்கி ஏரியில் போட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

மறுநாள் கரைக்குப் போய் ஆட்டின் முன்னால் நின்றான். கீழே பாஞ்சாலி குனிந்து வேலையாக இருந்தாள். செடிகளெல்லாம் மொட்டு.

"தண்ணி வருது. கோட்டுக்கு மேலயே ஏறும். செடியெல்லாம் மேட்டுக்கு மாத்திக்கச் சொல்லு" என்று உரக்கச் சொன்னான். சொன்ன நேரம் பார்த்து, புதுப் பலகை மாட்டுகிற ஆட்களோடு கிளாரன்ஸ் கரை மேல் வந்து நின்றார். பாஞ்சாலி ஒரு தரம் நிமிர்ந்து துரையைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி குனிந்துவிட்டாள். அவள் உதட்டில் சிரிப்பு இருந்ததோ என்று அவனுக்குச் சந்தேகம்.

"நேரா போய் ஒங்கக்காகிட்ட சொல்லேன். ஆட்டுக்குச் சொல்லி இன்னா ஆவப்போவுது?" என்றாள் முத்தம்மா. "ஒனக்குக் கூச்சமா இருந்தா நான் போறேன்."

"வேணா. அது காதுல வுழற மாதிரிதான் சொன்னேன். நீ போனா நான் அனுப்பிச்சேன்னுதானே ஆவும்? சும்மா இரு."

அவளும் சும்மா இருந்தாள். கேட்காமல் போயிருக்கக் கூடாதா என்று பின்னால் அவளும் அழுதாள்.

இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் மற்றப் பாத்திகள் எல்லாம் மொட்டையாகக் கிடந்தன. கிருஷ்ணப்பாவின் பாத்தி மட்டும் பச்சென்று இருந்தது. பாஞ்சாலி நிதானமாகப் புழு பொறுக்கிக்கொண்டிருந்தாள். அய்யாவுக்குத் தாங்கவில்லை. மறுபடி ஆட்டிடம் போனான்.

"தண்ணி வருதுன்னு சொன்னது ஒறைக்கலயா? ஊரே மாத்திக்கினு கீது!"

"தண்ணிதானே? எத்தினி வருசமா கேக்கறோம். வந்தா பாத்துக்கலாம்னு சொல்லு" என்றாள் பாஞ்சாலி, ஆட்டிடம்.

அய்யாவுக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. என்ன கொழுப்பு! நல்லதுக்குச் சொன்னால் எகத்தாளம் பேசுகிறாள். அன்றைக்குத் தண்ணீரைப் பார்த்தாயா என்று கேட்ட கோபத்தையே இன்னும் மனசில் வைத்துக்கொண்டு, இவன் சொல்லி நான் ஏன் கேட்பது என்று வீம்புக்கு நிற்கிறாள். நிற்கட்டும். பட்டால் தெரியும். விறுவிறுவென்று நடந்துவிட்டான். கைப்பிடி இல்லாத திருகின் பக்கத்தில் போய் உட்கார்ந்ததும் கோபம் இறங்கியது. எழுந்து போய் அக்கா என்று ஒரு வார்த்தை சொல்லலாமா என்று தோன்றியது. தோன்றியது, அவ்வளவுதான். உட்கார்ந்தே இருந்தான்.

மேல் ஏரித் தண்ணீர் அதற்கடுத்த நாள் வந்துசேர்ந்தது. விடிந்து பார்த்தபோது அளவுக்கல்லில் சிவப்புக் கோட்டைக் காணோம். படகுகள் துறையில் நிமிர்ந்து மிதந்தன. கிளாரன்ஸ் வந்து அய்யாவுவின் தோளைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்.

பாஞ்சாலி கூடையோடும் ஆட்டோடும் வந்தாள். வழக்கமாக ஆட்டை மேட்டில் கட்டிவிட்டு இறங்குகிறவள், கயிற்றைக் கையில் பிடித்தபடியே நின்றுவிட்டாள். பாத்தி இருந்த இடத்தில் தண்ணீர் நின்றது. செடிகளின் நுனி கூடத் தெரியவில்லை. உற்றுப் பார்த்தால் அடியில் பச்சையாக என்னவோ ஆடுவது தெரிந்தது. அய்யாவு கொஞ்சம் தள்ளி நின்றான். அவள் ஆட்டைப் பார்க்கவில்லை. அத்தனை வருஷத்துக்குப் பிறகு அவனைப் பார்த்தாள்.

"அய்யாவு. நீ இங்க கீறப்ப எம் பாத்தில எப்பிடிடா தண்ணி ஏறுச்சு?"

அவள் கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டாள். அதுதான் அவனை அறுத்தது.

"சொன்னேனேக்கா" என்றான். "ரெண்டு தடவ சொன்னேனே."

"யாருகிட்டடா சொன்ன?"

மடங்கின காதோடு ஆடு இருவரையும் மாறி மாறிப் பார்த்தது.

"தொர நின்னுக்கினு கீறான், நீ கத்தற. எப்பவும் கத்தறதுதானேன்னு இருந்துட்டேன். ஊர்ல ஆளாளுக்கு வந்து சொல்லிச்சு. எந்தம்பி மதகுல கீறான், எம் பாத்தில ஏறாதுன்னு நான்தான் சிரிச்சேன்" என்றாள் பாஞ்சாலி. "திருகை நீ எளக்கமா வெச்சது எனக்குத் தெரியாதுன்னா நெனச்ச? வாய்க்கால்ல தண்ணி ஓடறத பாத்துக்கினுதானே தெனம் வூட்டுக்குப் போவேன். அதப் பாத்தாதாண்டா எனக்கும் பொறந்த வூடு ஒண்ணு கீதுன்னு இருக்கும். ரெண்டு நாளா வாய்க்கா காஞ்சி கெடந்துது. அப்பக்கூட ஒனக்கு வேலையில இன்னா கஷ்டமோன்னு நெனச்சேனே தவிர, பாத்திய நெனக்கல."

"கைப்பிடிய எடுத்துக்கினு போய்ட்டாங்கக்கா. என் கையில இல்ல."

"அத வந்து சொல்லியிருக்கலாமில்ல" என்றாள். "வாசல் வரைக்கும் வந்து, அக்கா, இந்தத் தடவ என்னால முடியலன்னு."

பிறகு ஆட்டின் கயிற்றைச் சுற்றிக்கொண்டு காலிக் கூடையோடு போய்விட்டாள். போட்டி நன்றாக நடந்தது. பாண்டு வாத்தியம் வாசித்தார்கள். கைப்பிடி அய்யாவுவிடம் திரும்பி வந்தது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

கல்யாணத்துக்கு வெற்றிலை பாக்கு வந்தது. பாஞ்சாலி வரவில்லை, பக்கத்து வீட்டுக்காரி கொண்டுவந்தாள். அன்றைக்குத் தன் சேலையைப் போர்த்தின அதே பக்கத்து வீட்டுக்காரி. அய்யாவு போனான். தாய்மாமன் முறையில் ஒன்றையும் விடாமல் செய்தான். சீர்ப் புடவையை வாங்கிக்கொண்டு சரசு காலில் விழுந்தாள். பந்தலில் சிவாஜிநகர் மார்க்கெட்டுப் பூ தொங்கிற்று. எல்லோரும் அழகாக இருக்கிறது என்றார்கள். பாஞ்சாலி அவனுக்கு இலை போட்டாள், பாயசம் ஊற்றினாள். போதுமா, இன்னும் வேண்டுமா என்றுகூடக் கேட்கவில்லை.

அடுத்த கோடையில் தண்ணீர் இறங்கியது. மற்றவர்கள் பாத்தி போட்டார்கள். கிருஷ்ணப்பாவின் பாத்தி காய்ந்து வெடித்துக் கிடந்தது. புதுப் பலகை ஒழுகாது. அய்யாவு வேண்டுமென்றே திருகைத் தளர்த்தி, தண்ணீரைக் கோட்டுக்குக் கீழேயே வைத்திருந்தான். கிளாரன்ஸ் கேட்டால் என்ன சொல்வது என்று யோசிக்கவில்லை.

ஒரு நாள் காலையில் பாஞ்சாலி ஆட்டை மேய்த்துக்கொண்டு கரை மேல் வந்தாள். ஆட்டுக்கு வயதாகியிருந்தது. அய்யாவு எழுந்து நின்றான். அக்கா என்று கூப்பிடத்தான் வாயைத் திறந்தான். பழக்கம் அவனை இழுத்துக்கொண்டுபோய் ஆட்டின் முன்னால் நிறுத்தியது.

"இந்த வருசம் தண்ணி ஏறாது" என்றான் ஆட்டிடம். "கைப்பிடி என்கிட்டதான் கீது. பாத்தி போடலாம்னு சொல்லு."

ஆடு நின்று அவனைப் பார்த்தது. பாஞ்சாலியும் நின்றாள். வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. அவள் பதில் சொல்வாள் என்று அய்யாவு காத்திருந்தான். எகத்தாளமாக ஒன்று, குத்தலாக ஒன்று, என்னவாக இருந்தாலும் போதும் என்று காத்திருந்தான்.

அவள் கயிற்றை மெல்ல இழுத்தாள். ஆடு அவள் பின்னால் போயிற்று. ஆட்டிடம்கூட அவள் ஒன்றும் சொல்லவில்லை.